விண்கலத்துக்குத் தண்டவாளம்: கணக்கு எங்கே சறுக்குகிறது?

ஆட்கள் ஏறிய விண்கலத்தைக் காந்தத் தண்டவாளத்தில் ஓடவிட்டு அப்படியே விண்வெளிக்கு அனுப்பலாம் என்ற யோசனையைக் கேட்டதும் பலர் முதலில் மறந்துவிடுவது பாதையின் நீளத்தை. பூமியைத் தாழ்வாகச் சுற்றிவர விநாடிக்குச் சுமார் 7.8 கி.மீ. வேகம் வேண்டும். உடல் எடை மூன்று மடங்கானதுபோல் அழுத்தும் 3 ஜி-யில் அதைத் தரையிலேயே எட்ட 1,000 கி.மீ.க்கு மேல் பாதை போடவேண்டும்.

"30 ஜி-யில் தள்ளினால் 100 கி.மீ. போதுமே?" சரக்குக்குப் போதும். ஆளுக்கு? 1954 டிசம்பரில் நியூ மெக்சிகோவின் ஹாலமன் தளத்தில், அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப் தாமே ராக்கெட் வண்டியில் உட்கார்ந்து மணிக்கு 1,017 கி.மீ. வேகத்தில் போனார். ஒன்றரை விநாடிக்குள் வண்டி நின்றது. அதிகபட்சம் 46 ஜி. கண்ணின் ரத்தக்குழாய்கள் வெடித்து, கொஞ்ச நேரம் பார்வையே இல்லை. நம் 100 கி.மீ. பாதையிலோ 30 ஜி 26 விநாடி நீடிக்கும்.

அடுத்து, இத்திட்டத்தின் படங்களில் அழகாக மேலே வளையும் தண்டவாளத்தின் நுனி. வளைவும் உடலை அழுத்தும். விநாடிக்கு 2 கி.மீ. வேகத்தில் 3 ஜி-க்குள் திரும்பவே 130 கி.மீ.க்கு மேல் ஆரம் வேண்டும். அது மலைச்சரிவில் அடங்காது.

காற்றையும் விட்டுவிடக் கூடாது. 2003-இல் அதே ஹாலமனில் ஆளில்லா வண்டி மணிக்குச் சுமார் 10,385 கி.மீ. தொட்டபோது, தடையைக் குறைக்கப் பாதையின் ஒரு பகுதியை மூடி ஹீலியம் நிரப்பியிருந்தார்கள்.

இன்னொன்று, எவ்வளவு வேகமாக எறிந்தாலும் மேலே போய் எஞ்சினை இயக்காவிட்டால் கலம் சுற்றுப்பாதையில் நிற்காது. ஆக ராக்கெட் கட்டாயம் வேண்டும்.

அப்படியானால் தண்டவாளம் வீணா? அதுவும் தவறான முடிவுதான். 1990-களின் இறுதியில் நாசாவின் மார்ஷல் மையம் யோசித்தது மணிக்குச் சுமார் 960 கி.மீ. மட்டுமே. தேவையான வேகத்தில் அது நாலு சதவீதம்கூட இல்லை. ஆனால் ராக்கெட் மிகக் கனமாக இருக்கும் நேரத்தில் கிடைக்கும் தள்ளு அது. 2 ஜி-யில் 1.8 கி.மீ. பாதை போதும்.

அப்புறம் பிரேக். 1994 ஆகஸ்டில் எண்டெவர் விண்கலம் கிளம்ப 1.9 விநாடி இருந்தபோது, எரியத் தொடங்கிய எஞ்சின்களைக் கணினி அணைத்தது. கலம் மேடையிலேயே இருந்ததால் ஆறு பேரும் இறங்கி வந்தார்கள். தண்டவாளத்தில் பாதி ஓட்டத்திலோ கடைசியிலோ எஞ்சின் மக்கர் செய்தால், அதே 2 ஜி-யில் நிற்க இன்னொரு 1.8 கி.மீ. வரை வேண்டும். திட்டத்தின் படத்தைப் பார்க்கும்போது முதலில் அதைத் தேடுங்கள்.