கொடைக்கானல் மேல்மலையில் கூட்டமாகக் கூடாரம் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒரு டிசம்பரில் ஒன்பது பேராக மன்னவனூர் பக்கம் போயிருந்தோம். பைகளைப் பிரித்தால் ப்ளூடூத் ஸ்பீக்கர் மூன்று இருந்தன, தீப்பெட்டி ஒன்றுகூட இல்லை. எவனாவது எடுத்திருப்பான் என்று ஒன்பது பேருமே நினைத்திருக்கிறோம். கூட்டமாகப் போகும்போது நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ‘எவனாவது’வில்தான் தொடங்கும். எது யார் பையில் என்று பெயர் போட்டு வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். இ-பாஸையும் அதிலேயே சேருங்கள். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும்.

அடுத்தது இடம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் தங்கக் கூடாது. பட்டா நிலம் என்றாலும், கூடாரம் போட அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். “அதெல்லாம் பாத்துக்கலாம் சார்” என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுவது நல்லது.

ஓடைக்கரைப் புல்வெளியைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை வரும். போட்டோவுக்கு அழகுதான், படுக்க ஆகாது. குளிர்ந்த காற்று கனமானது; இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். டிசம்பர், ஜனவரி விடியலில் உறைபனி வெள்ளையாகப் படிவதும் அங்கேதான். காட்டுமாடு தண்ணீருக்கு வரும் வழியும் அதுவே. குளம்படியோ சாணியோ கண்ணில் பட்டால் தள்ளிப் போய்விடுங்கள்.

குளிருக்கு மூன்று போர்வை கொண்டுவந்து மூன்றையும் மேலே போர்த்துகிறார்கள். உடம்புச் சூட்டை உறிஞ்சுவது தரை. ஒன்றையாவது கீழே விரியுங்கள், அதற்கும் அடியில் ஒரு பாய்.

அதைவிடப் பெரிய தவறு, பார்பிக்யூ முடிந்ததும் மிச்சத் தணலைக் கூடாரத்துக்குள் கொண்டுபோவது. எவ்வளவு குளிரினாலும் செய்யாதீர்கள். கரி தணிந்தது போலத் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். கூடாரத்தின் காற்றுத் திறப்பையும் முழுக்க மூடாதீர்கள். மூடினால் மூச்சுக்காற்று துணியில் படிந்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டும்.

சமையலுக்குக் குக்கர் கட்டாயம். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். திறந்த சட்டியில் துவரம்பருப்பு லேசில் வேகாது. சாம்பாருக்காக இரவு பத்து மணிவரை காத்திருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நடைப்பயணத்தில் வேகக்காரர்கள் முன்னால் ஓடிவிடுவார்கள். மூடுபனி இறங்கினால் இருபதடி தள்ளி நிற்பவரே தெரியமாட்டார். வழி தெரிந்த ஒருவர் கடைசியில் வரட்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து கிடக்கும், பீடி நெருப்பு போதும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சரி, தீப்பெட்டிக் கதைக்கு வருகிறேன். பக்கத்துப் பூண்டுத் தோட்டத்துப் பெரியவர்தான் தந்தார். தந்துவிட்டு ஸ்பீக்கரைக் காட்டிச் சொன்னார்: “அத அமத்துங்க தம்பி. மாடு வந்தா உங்களுக்குக் கேக்காது.”