தோட்டப் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடை: 1:24 டயோராமாவுக்கு டைல்ஸ் தரையும் சுவரும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், பீடோர், தாப்பா பக்கத்துக் கடை வரிசைகளைப் பார்த்து டயோராமா (சின்ன அளவு மாதிரிக் காட்சி) செய்கிறவர்கள் பலகை, பெயர்ப்பலகை, நாற்காலி எல்லாவற்றையும் அழகாகச் செய்துவிடுகிறார்கள். தரையில்தான் கோட்டை விடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றே: டைல்ஸ் இடைக்கோடு தடித்துப்போவது. 1:24-இல் ஒரு மில்லிமீட்டர் கோடு என்றால் நிஜத்தில் 24 மில்லிமீட்டர், கட்டை விரல் அகலம். அப்படி எந்தக் கொத்தனாரும் டைல்ஸ் ஒட்டமாட்டார்.

12 அடி அகலக் கடையை எடுத்துக்கொள்வோம். 1:24-இல் அது 152 மி.மீ. பழைய சிமெண்ட் டைல் 8 அங்குலம், அதாவது 8.47 மி.மீ. எனவே அகலத்துக்குச் சரியாக 18 டைல். ஆழம் 131 மி.மீ. வைத்துக்கொண்டால் 15 முழு வரிசையும், பின்சுவர் ஓரம் பாதி டைல் வரிசை ஒன்றும் வரும். அந்தப் பாதி வரிசை வேண்டும். வாசலில் முழு டைலில் தொடங்கி, வெட்டுத்துண்டை அலமாரிக்கு அடியில் தள்ளுவதுதான் டைல்ஸ் போடுகிறவர் வழக்கம்.

அடிப்பலகைக்கு 3 மி.மீ. பிவிசி போர்ட் நல்லது. விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டு கிடைக்கும். அட்டையும் எம்டிஎஃப் என்னும் மரத்தூள் பலகையும் நம் ஊர் ஈரக்காற்றில் உப்பி வளையும். பலகையில் பென்சிலால் கட்டம் வரைந்து, மேலே ஒளி ஊடுருவும் இரட்டைப் பக்க டேப்பை முழுதாக ஒட்டுங்கள்.

டைலுக்கு 0.5 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு. முதலில் 8.2 மி.மீ. அகலப் பட்டைகள், பிறகு அதே அளவில் சதுரங்கள். ஒவ்வொன்றையும் அளந்து வெட்டினால் பிழை கூடும். இரும்பு ரூலர் ஓரமாக ஒரு தடைக்கட்டை ஒட்டி, பட்டையை அதில் முட்டவைத்து வெட்டினால் எல்லாம் ஒரே அளவு. தேவை 279, 300 வெட்டுங்கள், சில மூலை உடையும், சில தரையில் விழுந்து காணாமல் போகும்.

டைல்களை ஒட்டுவதற்கு முன்பே பெயிண்ட் அடித்துவிட வேண்டும். மாஸ்கிங் டேப்பைப் பசைப்பக்கம் மேலே வரும்படி வைத்து அதில் அடுக்கி, பாதிக்குச் செங்காவி, பாதிக்கு மங்கிய மஞ்சள் அடியுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே இருக்கட்டும். மீதியில் பாதிக்கு ஒரு துளி வெள்ளையும் மறுபாதிக்கு ஒரு துளி பழுப்பும் கலந்து அடித்து, எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு ஒட்டுங்கள். வித்தியாசம் தனித்துத் தெரியக்கூடாது, ஆனால் இருக்க வேண்டும். ஒட்டும்போது டைலுக்கு டைல் 0.27 மி.மீ. இடைவெளி. மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றை நடுவில் நிறுத்திப் பிறகு உருவிவிடலாம்.

டைல் இடைக்கோட்டை நிரப்பும் பூச்சுக்கு முன் ஒரு கோட் பளபளப்பான அக்ரிலிக் கிளாஸ் வார்னிஷ் கட்டாயம். இல்லையென்றால் பூச்சின் சாயம் பெயிண்டுக்குள் இறங்கி முழுத் தரையும் சாம்பலாகிவிடும். ஸ்ப்ரே வார்னிஷ் என்றால் மழை கட்டும் மாலையில் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும் வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை பூக்கும். பூத்துவிட்டால் பதற வேண்டாம். வறண்ட நாளில் இன்னொரு மெல்லிய கோட் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பூச்சு: சுவர்ப் புட்டித் தூள் இரண்டு கரண்டி, தண்ணீர் சுமார் ஒரு கரண்டி, வெள்ளைப் பசை நாலு சொட்டு, சாம்பல்-பழுப்புப் பெயிண்ட் கொஞ்சம். இட்லி மாவை விடச் சற்றுத் தளர்வாக இருக்கட்டும். பழைய டச் என் கோ பிளாஸ்டிக் கார்டால் குறுக்காக இழுத்து நிரப்புங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மினுமினுப்பு போனதும், நன்றாகப் பிழிந்த பஞ்சால் 45 பாகைக் கோணத்தில் துடையுங்கள். கோட்டின் திசையிலேயே துடைத்தால் பூச்சு தோண்டிக்கொண்டு வந்துவிடும். வெள்ளைப் பூச்சு மட்டும் வேண்டாம். மசால் வாசம் ஏறிய கடையில் அது ஒருநாளும் வெள்ளையாக நிற்காது.

சுவருக்குத் தனித்தனி டைல் தேவையில்லை, கீறினாலே போதும். 6 அங்குல வெள்ளை டைல், 5 அடி உயரம்: 6.35 மி.மீ. கட்டம், 10 வரிசை, வரிசைக்கு 24. ஒரு மி.மீ. ஸ்டைரீன் தகட்டை 152-க்கு 63.5 என வெட்டி, பூஜ்யத்திலிருந்தே 6.35, 12.7, 19.05 எனக் குறியுங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால் கடைசி டைல் சிறுத்துப்போகும். முதல் கீறல் கத்தியின் சொந்தக் கனத்தில் மட்டும். அழுத்தம் இரண்டாவது, மூன்றாவதில். எழும்பி நிற்கும் பிசிறை 600 நம்பர் சாண்ட் பேப்பரால் தேய்த்துவிடுங்கள். நிறம் சுத்த வெள்ளையாக இருந்தால் பொம்மை வீட்டுச் சுவர் போலிருக்கும். ஒரு துளி சந்தன நிறம் சேர்த்து, மேலே கிளாஸ் அடியுங்கள். உலர்ந்தபின் நீர்த்த பழுப்பு ஆயில் பெயிண்டைக் கோடுகளில் ஓடவிட்டு, பத்து நிமிடத்தில் காட்டன் பட்டால் துடைத்துவிடலாம்.

அழுக்கு எங்கே விழும் என்று யோசித்து வையுங்கள், சீராகத் தெளிக்காதீர்கள். சிமெண்ட் டைல் நடக்க நடக்க வழவழப்பாகும். ஆகவே தரை முழுக்கப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்துவிட்டு, வாசலிலிருந்து கல்லாவுக்குப் போகும் பாதையில் மட்டும் அரைப் பளபளப்பு. வாசல் முதல் இரண்டு வரிசையின் கோடுகளில் தோட்டத்து மண்சாலைச் செம்மண் நிறம். தோசைக்கல்லுக்குப் பின்னால் மூன்று நான்கு வரிசைக்கு மஞ்சள் கலந்த பழுப்பு. கோட்டில் அடர்த்தியாக, டைல் முகத்தில் லேசாக.

கல்லாவுக்கு மேல் சாமி படம் மாட்டினால், அதன் கீழ் டைலில் பல்குச்சி முனையால் மூன்று விபூதிக் கோடும் நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வையுங்கள். உலர்வதற்குள் ஈர விரலால் லேசாகக் கீழ்நோக்கி இழுத்துவிட்டால், போன வருஷ ஆயுத பூஜைக்கு வைத்தது போலிருக்கும்.

கை கழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு டைலையாவது உடையுங்கள். ஒட்டுவதற்கு முன் கத்தியால் மூலைக்கு மூலை கீறி முறித்து, இரண்டு துண்டையும் மயிரிழை விலக்கி ஒட்டினால் போதும், மேலே விரிசல் வரைய வேண்டியதில்லை.