பழைய காருக்குப் பெர்ஃபார்மன்ஸ் சிப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். முப்பது வருடம் தாண்டிய டர்போ பெட்ரோல் வண்டி. கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே கறுப்பு ஸ்பாஞ்சில் கால்கள் குத்திய நிலையில், ஈசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) மாட்டும் புது சிப்.

"அண்ணே, ஈசியூ மூடியைத் திறக்க எந்த ஸ்க்ரூடிரைவர் வேணும்? அதை மட்டும் சொல்லுங்க."

"ஃபியூவல் பிரஷர் பாத்தியா?"

"வண்டி நல்லாத்தான் ஓடுது அண்ணே."

பல வருடங்களுக்கு முன் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அது ஒரு எஞ்சினைக் காவு வாங்கியது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், கையில் ஸ்டாட்டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் சிப்போடு வரும் காகிதத்திலேயே இருக்கும். அதில் இல்லாதவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில், எந்த வண்டிகளைப் பற்றிய பேச்சு இது என்று சொல்லிவிடுகிறேன். 1979-இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் பாஷ் மோட்ரானிக் வந்தது. பெட்ரோல் அளவு, ஸ்பார்க் நேரம் இரண்டையும் ஒரே பெட்டி கவனிக்கும் முறை அதற்குப் பிறகு மெல்லப் பரவியது. 90-களின் நடுப்பகுதி வரை அப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றில் கணக்கெல்லாம் ஈப்ராம் என்ற ஒரு நினைவக சிப்பில்தான் இருந்தது. 27சி256 என்று மேலே எழுதியிருந்தால் அதன் கொள்ளளவு 32 கிலோபைட். அந்தச் சின்ன இடத்துக்குள் புரோகிராமும் உண்டு, அட்டவணைகளும் உண்டு. ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் லோடு, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு எண். இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும், ஸ்பார்க் எத்தனை டிகிரி முன்னால் விழ வேண்டும் என்பதை அந்த எண்கள் சொல்கின்றன. பெர்ஃபார்மன்ஸ் சிப் என்பது அதே புரோகிராம்தான், சில கட்டங்களில் எண்களை மட்டும் மாற்றியிருப்பார்கள். பின்னால் வந்த வண்டிகளில் சிப்பைக் கழற்றாமல் ஒயர் வழியாகவே எழுதிவிடலாம். அவற்றை இங்கே தொடவில்லை.

"நல்லாத்தான் ஓடுது" என்று நம்பி மாட்டுவது

இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

ஈசியூ பெட்ரோலை அளந்து ஊற்றுவதில்லை. இன்ஜெக்டரை இத்தனை மில்லிசெகண்ட் திறந்து வை என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும். அந்த நேரத்துக்குள் எவ்வளவு பெட்ரோல் உள்ளே போகிறது என்பது பிரஷரைப் பொறுத்தது. சிப்பை எழுதியவர் ஒரு பிரஷரை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். என் வண்டிக்கு அது 3 பார் (பிரஷரை அளக்கும் அலகு). அதாவது இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கும் இடையே எப்போதும் 3 பார் வித்தியாசம் இருக்க வேண்டும். டர்போ வண்டியில் இன்டேக் மேனிஃபோல்டில் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் பிரஷர், ஏற ஏற, ரெகுலேட்டர் பெட்ரோல் பிரஷரையும் அதே அளவு ஏற்றிக்கொண்டே போகும். 0.9 பார் பூஸ்ட் என்றால் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில் 3.9 பார் வந்தாக வேண்டும். பம்ப்பால் அது முடியுமா என்று சிப்புக்குத் தெரியாது.

சரி, பம்ப் தளர்ந்திருந்தால் ஓட்டும்போதே தெரிந்துவிடாதா? தெரியாது. ஐடிலிலும் (வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது) சாதாரண ஓட்டத்திலும் ஆக்சிஜன் சென்சார் சைலன்சர் புகையை முகர்ந்து பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோல் கொஞ்சம் குறைந்தால் ஈசியூ இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து, 14.7-க்கு 1 என்ற காற்று-பெட்ரோல் விகிதத்துக்குக் கொண்டுவந்துவிடும். குறை இருப்பது தெரியாமலே போகும். ஆனால் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தியதும் அந்தக் காலத்து ஈசியூ சென்சாரை ஓரம் கட்டிவிட்டு அட்டவணையை மட்டும் நம்பும். குறை வெளியே வருவது அந்த நேரத்தில்தான். எஞ்சின் தவறு பொறுக்காத நேரமும் அதுதான்.

என் சிப் பூஸ்டை 0.6-லிருந்து 0.9-க்கு ஏற்றியது. ஸ்பார்க்கையும் கொஞ்சம் முன்னால் தள்ளியது. முதல் நாள் ஓட்டியபோது வேறு வண்டியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம், நீண்ட மேட்டில் நாலாவது கியரில் முழு அழுத்தம் கொடுத்தேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம், இரண்டு மூன்று விநாடிதான். ஏதோ ஹீட் ஷீல்டு ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டு காலை எடுக்காமல் மேட்டை ஏறினேன். அது நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் தானே வெடிப்பது. உச்சியில் வண்டி நடுங்க ஆரம்பித்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து குபுகுபுவென்று புகை.

நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தேன்: 10, 10, 4, 10 பார். மூன்றாவது சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவிய மாதிரி பொட்டுப் பொட்டாக ஏதோ ஒட்டியிருந்தது. சில பொட்டுகள் வெளிச்சத்தில் வெள்ளி மாதிரி மின்னின. அது பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். ஹெட்டைக் கழற்றி பிஸ்டனை வெளியே எடுத்தால், முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடையிலிருந்த விளிம்பில் ஒரு துண்டு காணோம். அது போன வழியெல்லாம் சிலிண்டர் சுவரில் கீறல்.

எஞ்சினைத் திரும்பக் கட்டி முடித்ததும் பழைய சிப்பையே மாட்டினேன். பெட்ரோல் லைனில் ஒரு கேஜ் இணைத்தேன். ஐடிலில் 2.5 பார், ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைப் பிடுங்கினால் 3.0. இரண்டும் மிகச் சரி. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். நான் ஓட்டிப் பார்த்தேன். 0.6 பூஸ்டில் 3.6 வர வேண்டிய இடத்தில் முள் 3.4-இல் நின்று நடுங்கியது. உடனே காலை எடுத்தேன். அதாவது, சிப் மாட்டும் முன்பே குறை இருந்திருக்கிறது. கம்பெனி சிப்பின் அட்டவணையில் இருந்த தாராளம் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. நான் வாங்கி மாட்டிய சிப் அந்தத் தாராளத்தைத்தான் பவராக மாற்றியது.

காரணத்தைத் தேடிப் போனேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பம்ப்பின் முனையில் 10.9. பின் சீட்டுக்கு அடியில் பம்ப்பின் எர்த் போல்ட் துருப்பிடித்துப் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன், கேஜ் 3.6-க்குப் போய்விட்டது. ஒரு போல்ட்! ஒரு துண்டு உப்புத்தாள்!

கணக்கும் போட்டுப் பாருங்கள். 0.9 பூஸ்டில் பம்ப் இன்னும் அதிக பெட்ரோல் தள்ள வேண்டும். பிரஷர் 3.3-ஐத் தாண்டியிருக்காது. அப்படியானால் இன்ஜெக்டரில் 3 பாருக்குப் பதில் 2.4 பார் வித்தியாசம்தான் இருந்திருக்கும். பெட்ரோல் அளவு பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும் என்பதால், சுமார் 11 சதவீதம் குறைவு. சிப் 12-க்கு 1 என்று நினைத்துத் திறக்கிறது, உள்ளே இருப்பதோ 13.4-க்கு 1. கூடுதல் பூஸ்ட், முன்னால் தள்ளிய ஸ்பார்க், போதாத பெட்ரோல் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் எந்த பிஸ்டனும் தாங்காது.

அதனால் சிப் டப்பாவைத் திறக்கும் முன் கேஜை மாட்டுங்கள். நீளமான குழாய் போட்டு, கேஜை வைப்பருக்கு அடியில் கண்ணாடிக்கு வெளியே இறுக்கி வையுங்கள். பெட்ரோல் குழாய் எக்காரணம் கொண்டும் காருக்குள் வரக்கூடாது. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் முள்ளைப் பார்க்கட்டும். பூஸ்ட் ஏறும் அளவு பிரஷரும் ஏற வேண்டும். ஏறாமல் நின்றால் பம்ப்பின் வோல்ட்டேஜ், ஃபில்டர், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். வண்டியில் இருக்கும் சாதாரண ஆக்சிஜன் சென்சாரின் வோல்ட்டேஜைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் அது சொல்லும். 12-க்கும் 13.4-க்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியாது. விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் சென்சார் ஒன்றைக் கடன் வாங்கியாவது பொருத்துங்கள்.

கம்ப்ரஷன், இன்டேக் குழாய்களில் கசிவு, கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார் ஆகியவற்றையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

பழைய சிப்பை நகல் எடுக்காமல் கழற்றுவது

வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கார்களில் ஈசியூ எண் வேறாக இருக்கலாம். மேனுவல் கியருக்கு ஒன்று, ஆட்டோமேட்டிக்குக்கு ஒன்று. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ளதற்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று. ஒன்றின் சிப்பை இன்னொன்றில் மாட்டினால், அதிலுள்ள புரோகிராமும் அட்டவணையும் அந்த வண்டிக்குப் பொருந்தாமல் போகலாம். அப்படி எண் மாறிய சிப் போட்ட வண்டி ஒன்றை நான் பார்த்தேன். ஸ்டார்ட் ஆனது, ஆனால் ஐடில் ஏறி இறங்கி அலைந்துகொண்டே இருந்தது. உரிமையாளர் ஐடில் வால்வை இரண்டு தடவை மாற்றிவிட்டார். பழைய சிப் எங்கே என்று கேட்டால், குப்பையில் போட்டாச்சு என்றார்.

ஈசியூ மேல் ஒட்டியிருக்கும் எண்ணை எழுத்தெழுத்தாகக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சிப்பை ஒரு புரோகிராமரில் வைத்து இரண்டு முறை படியுங்கள். இரண்டு கோப்பும் பைட்டுக்கு பைட் ஒத்துப்போனால்தான் அது நகல். கால் சரியாகத் தொடாமல் படித்த அரைகுறைக் கோப்பைப் பத்திரமாக வைத்திருந்து பயனில்லை. கோப்பில் நீங்களே எதையாவது மாற்றினால் செக்சம்மையும் (எண்களைக் கூட்டி வைத்த சரிபார்ப்புத் தொகை) திருத்துங்கள். பல ஈசியூக்கள் கூட்டுத்தொகை பொருந்தாவிட்டால் எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும்.

சால்டர் செய்த சிப்பை நெம்பி எடுப்பது

சில பெட்டிகளில் சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், வேலை சுலபம். சிலவற்றில் நேராக போர்டில் சால்டர் செய்திருப்பார்கள். அங்கே ஒவ்வொரு துளையின் உட்புறமும் மெல்லிய செம்புக் குழல் இருக்கும். போர்டின் மேல்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் இணைப்பது அதுதான். ஈயம் முழுதாக உருகும் முன் சிப்பை நெம்பினால் அந்தக் குழல் காலோடு கழன்று வரும். கண்ணுக்குத் தெரியாது. சூடானால் வண்டி நிற்கும், ஆறினால் ஓடும், மாதக்கணக்கில் அலைய வைக்கும்.

நகல் கையில் பத்திரமாக இருக்கிறதா? அப்படியானால் பழைய சிப்பைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். கால்களை உடலை ஒட்டி நறுக்கிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடு காட்டி ட்வீசரால் எடுங்கள். போர்டு மேல் பூசியிருக்கும் வார்னிஷை முதலில் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஈயம் ஒட்டாது. சாக்கெட் வாங்கும்போது வட்டத் துளை உள்ளதாக வாங்குங்கள். தட்டையான ஸ்பிரிங் தகடு வைத்த மலிவு சாக்கெட், வண்டி அதிர்வில் நாளடைவில் தளர்ந்துவிடும்.

சிப்பை முன்பின் மாற்றிச் செருகுவது

28 கால் சிப்பில் 14-ஆவது கால் எர்த், 28-ஆவது கால் 5 வோல்ட். திருப்பினால் இரண்டும் அப்படியே இடம் மாறும். சாவியை ஒரு தடவை திருப்பினாலே சிப் செத்துவிடலாம்.

சிப்பின் கண்ணாடி ஜன்னல் மேல் உள்ள ஸ்டிக்கரைப் பிய்ப்பது

பிய்க்காதீர்கள். நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடலாம்.

சிப் கேட்கும் பெட்ரோலை ஊற்றாதது

98 ஆக்டேனுக்கு எழுதிய சிப்பில் ஸ்பார்க் முன்னாலேயே விழும். அதில் 91 ஊற்றி ஓட்டினால், நாக் சென்சார் உள்ள வண்டி ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுத்துத் தப்பிக்கப் பார்க்கும். அப்போது பவர் கம்பெனி சிப்பை விடக் குறைவாகக்கூட வரலாம். நாக் சென்சார் இல்லாத வண்டிக்கு அந்தத் தப்பிக்கும் வழியும் கிடையாது. உங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பெட்ரோல் எது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற சிப்பை வாங்குங்கள். எப்போதாவது கிடைக்கும் பெட்ரோலை நம்பி வாங்காதீர்கள்.

டர்போ இல்லாத வண்டியில் பெரிதாக எதிர்பார்ப்பது

சில குதிரைசக்தி கூடும், அவ்வளவுதான்.

ரெவ் லிமிட்டை ஏற்றிய சிப்

எஞ்சின் சுற்றும் வேகத்தின் உச்ச வரம்பை அது ஏற்றிவிடும். வால்வு ஸ்பிரிங்கோ பழையது, தாங்காமல் போகலாம். வேண்டாம்.

சென்சார் ஒயரில் மாட்டும் "சிப்"

அது சிப்பே இல்லை, ஒரு ரெசிஸ்டர். காற்று குளிர்ந்திருக்கிறது என்று ஈசியூவிடம் பொய் சொல்லும், அவ்வளவுதான். வாங்காதீர்கள்.

அந்தத் தம்பியிடம் ஸ்க்ரூடிரைவரைக் கொடுக்கவில்லை, கேஜைக் கொடுத்தேன். இரண்டு பேரும் ஒரு சுற்று ஓட்டினோம். 0.5 பூஸ்டில் 3.5 வர வேண்டியது, 3.2-க்கு மேல் முள் நகரவே இல்லை. பம்ப்பில் 13.4 வோல்ட் இருந்தது, ஆக ஒயரில் குறை இல்லை. ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தோம், காபி டிகாக்‌ஷன் நிறத்தில் பெட்ரோல் வந்தது. புது ஃபில்டரும் பம்ப்பும் வந்ததும் இன்னொரு சுற்று ஓட்டிப் பார்ப்பதாக இருக்கிறோம். சிப் இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது.