முகத்தில் கட்டி திரும்பத் திரும்ப வருகிறதா? முதலில் மூக்கைக் கவனியுங்கள்

மூக்கோரத்தில் சிவந்து தடித்து, தொட்டால் விண்விண் என்று தெறிக்கும் ஒரு பரு. இரண்டு நாளில் நுனி வெளுத்துச் சீழ் கட்டும். அது ஆறி ஒரு மாதம் ஆவதற்குள் தாடையில் அடுத்தது. இரண்டு வருடங்கள் நான் இப்படித்தான் அவதிப்பட்டேன். கட்டி வரும்போதெல்லாம் களிம்பு தடவினேன். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. கடைசியில் ஒரு தோல் மருத்துவர், "கட்டி இருக்கட்டும், மூக்கைக் காட்டுங்கள்" என்றார்.

இத்தகைய சீழ்க்கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது மூக்கின் முன்பகுதியில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. விரல் மூக்குக்குப் போகிறது, அங்கிருந்து தாடைக்கு வருகிறது. காலையில் சவரம் செய்தபோது பட்ட சிறு கீறல் ஒன்று போதும், மயிர்க்காலுக்குள் இறங்கிவிடும். படிக்கும்போது என் இடது கை தானாக மூக்கைத் தடவிவிட்டு மோவாய்க்கு இறங்குவதை என் மனைவி சுட்டிக்காட்டிய பிறகுதான் கவனித்தேன். கட்டிகளில் பாதிக்கு மேல் இடது பக்கமே வந்திருந்தன.

எனவே கட்டியை மட்டும் ஆற்றிவிட்டு மூக்கை விட்டுவிடுவதே முதல் தவறு. திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு மூக்கினுள் தடவ மியூபிரோசின் களிம்பை மருத்துவர்கள் எழுதித் தருவதுண்டு. வழக்கமாகத் தினம் இரண்டு முறை, ஐந்து நாட்கள். மருத்துவர் சொன்ன காலத்தைத் தாண்டி நாமாகவே தடவிக்கொண்டிருந்தால் அந்த மருந்துக்கும் பாக்டீரியா பழகிவிடும். மூக்கு முடியைப் பிடுங்குவதையும் அன்றே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, பிதுக்குவது. கண்ணாடி முன் நின்றால் கை சும்மா இருக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அழுத்தும்போது சீழ் வெளியே வருவதைப் போலவே உள்ளேயும் பரவுகிறது. மூக்கின் மேற்பகுதியிலிருந்து இரு வாயோரங்கள் வரையுள்ள முக்கோணத்தில் இது இன்னும் ஆபத்து. அங்குள்ள சிரைகளுக்கு மூளையின் அடியிலுள்ள சிரைக்குழியோடு தொடர்பு உண்டு. கிருமி அந்த வழியே ஏறுவது அபூர்வம். ஏறிவிட்டால் உயிருக்கே ஆபத்து. கட்டியோடு காய்ச்சல், கடும் தலைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். சாதாரணக் கட்டிக்கு, சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்து, பொறுக்கும் சூட்டில் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். நாளுக்கு மூன்று நான்கு முறை கொடுக்கலாம். அந்தத் துணியை வெந்நீரில் துவைக்காமல் மறுபடி எடுக்காதீர்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. யாரோ சொன்னார்கள் என்று வாங்கித் தடவுகிறோம். இரண்டு நாளில் சிவப்பு வடிந்துவிடுகிறது, குணமாகிவிட்டது என்று நம்புகிறோம். உண்மையில் தோலின் எதிர்ப்பு அடங்கியிருக்கிறது, கிருமி அடங்கவில்லை. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, வாயைச் சுற்றிப் புதிய பருக்களும் கிளம்பும். குழாயின் மேல் சிறிய எழுத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும், மருத்துவர் சொல்லாமல் முகத்தில் வைக்காதீர்கள். ஏற்கெனவே பல வாரங்களாகத் தடவிவருபவர்கள் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துவதே நல்லது. திடீரென்று விட்டால் சிவப்பும் எரிச்சலும் கூடலாம்.

முகத்தில் வருவதெல்லாம் பாக்டீரியாவும் அல்ல. நெற்றியிலும் மயிரோரத்திலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு வந்தால் அது மலசீசியா என்ற பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் இன்னும் கூடும். உதட்டோரத்தில் முதலில் குறுகுறுத்து, பிறகு நீர்க்கொப்புளங்கள் கொத்தாக அதே இடத்தில் வந்தால் ஹெர்பிஸ் வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால் இம்பெட்டிகோ என்ற தோல் தொற்றாக இருக்கக்கூடும். இதுவும் பாக்டீரியாதான், ஆனால் எளிதில் மற்றவருக்குத் தொற்றும். ஆகவே மூன்றாவது முறையும் கட்டி வந்தால், மருந்தைத் தொடங்கும் முன்பே சீழை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று அதில் தெரிந்துவிடும். வலி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த கட்டிக்கு எடுத்துவைக்கும் பழக்கம் வேண்டாம்.

சவர பிளேடும் முகம் துடைக்கும் துண்டும் ஆளுக்கு ஒன்று என்று தனியாக இருக்கட்டும். கட்டி இருக்கும் இடத்தில் பிளேடு படக்கூடாது. மற்ற இடங்களில் முடி வளரும் திசையிலேயே மழியுங்கள். தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். கிருமியைக் கொல்கிறேன் என்று கிருமிநாசினியை நீர் கலக்காமல் தடவுவதும், சொரசொரப்பான ஸ்கிரப்பால் தேய்ப்பதும் தோலைப் புண்ணாக்கிக் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும். மென்மையான சோப்பே போதும்.

வீட்டில் இன்னொருவருக்கும் கட்டி வருகிறது என்றால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஒருவருக்கு மட்டும் சிகிச்சை தந்தால் கிருமி மற்றவரிடமிருந்து திரும்பி வரும் என்பதால், இருவருக்கும் ஒரே வாரத்தில் சிகிச்சை தர அவர் முடிவுசெய்யலாம். அதே சந்திப்பில் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரியாத சிலருக்கு, அடிக்கடி வரும் கட்டிதான் முதல் அடையாளம்.