பெப்பர் ஸ்பிரே: வாங்கினால் மட்டும் போதாது

பெங்களூரு அல்சூரிலிருந்து நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பும் தங்கைகளுக்கு: பெப்பர் ஸ்பிரே வாங்க லைசென்ஸ் வேண்டாம். ஆனால் வாய்த்தகராறில் அதை முகத்தில் அடித்துவிட்டுத் தற்காப்பு என்று சொல்லித் தப்ப முடியாது. 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றம் பெப்பர் ஸ்பிரேயை ஆபத்தான ஆயுதம் என்றே சொல்லி, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அடித்ததாகப் பதிவான வழக்கை ரத்து செய்ய மறுத்தது. தேவைக்கு மீறித் தாக்கினால் சட்டம் துணைக்கு வராது.

அப்புறம், காற்று. எதிர்க்காற்றில் அடித்தால் உங்கள் கண்தான் எரியும். ஆட்டோவுக்குள் என்றால் இருவருக்குமே. பையின் அடியில், டிபன் பாக்ஸுக்குக் கீழே கிடந்தால் சுத்த வேஸ்ட். மூடியின் பூட்டைக் கட்டைவிரலால் தள்ளிப் பழகுங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள். முகத்தைக் குறிவைத்து அடித்ததும் நிற்காமல் ஓடுங்கள், 112க்கு அழையுங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்க அனுமதி இல்லை.