வீட்டில் லூர் செய்கிறீர்களா? பெயின்ட் டப்பாவைக் கடைசியில் திறங்கள்

தூண்டிலில் மாட்டும் போலி மீனான லூரைப் புதிதாகச் செய்பவர்களில் பலர் செதில் வரைவதிலும் கண் ஒட்டுவதிலும்தான் பாதி நேரத்தைக் கழிக்கிறார்கள். பார்க்க அசல் மீன் மாதிரியே இருக்கும். தண்ணீரில் போட்டு இழுத்தால் மல்லாந்து சுழன்றுகொண்டு வரும். எடையைத் திருத்தலாம் என்றால், பெயின்ட்டையும் அதன்மேல் பூசிய எபாக்ஸி என்ற கெட்டிப் பூச்சையும் சுரண்டியாக வேண்டும். மரத்தைச் செதுக்கி, நீர் புகாதபடி சீலர் அடித்து, ஓடவிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பெயின்ட் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

எடை விஷயத்தில்தான் தவறுகள் அதிகம். ஹூக், வளையம் எதுவும் மாட்டாமல் மிதக்கவிட்டு, 'சரியாக நிற்கிறது' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பால்சா மாதிரி லேசான மரத்தில் இரண்டு ட்ரெபிள் ஹூக்கின் (மூன்று முனைக் கொக்கி) எடையே மிதக்கும் நிலையை மாற்றிவிடும். ஈயத்துக்குக் குத்துமதிப்பாகத் துளை போடுவதும் அப்படித்தான். முதலில் ஈயத் துண்டுகளை வயிற்றுப் பக்கம் டேப்பால் ஒட்டி, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். நேராக நிற்கும் இடம் தெரிந்ததும் துளையிடலாம். துளை வயிற்றை ஒட்டியே இருக்கட்டும். ஈயம் மேலே ஏறினால் லூர் புரளும். பெயின்ட்டும் எபாக்ஸியும் இன்னும் கொஞ்சம் எடை கூட்டும் என்பதால் இந்தக் கட்டத்தில் சற்று லேசாகவே விடுங்கள். கடல்நீர் நன்னீரைவிட 2 முதல் 3 சதவீதம் அடர்த்தி கூடியது. தொட்டியில் அந்தரத்தில் நின்ற லூர் கடலில் மேலே வந்துவிடும்.

மூக்கின் கீழே வரும் லிப் தகட்டுக்கான வெட்டு கோணலாகிவிட்டால் லூர் நேராக ஓடாது. அதனால் உடலைச் செதுக்கி உருட்டுவதற்கு முன்பே, கட்டை சதுரமாக இருக்கும்போதே அந்த வெட்டைப் போட்டுவிடுவது என் கட்சி. தகடு செங்குத்தாக இருந்தால் ஆழம் குறையும், ஆட்டம் அகலமாகும். உடலின் போக்கிலேயே முன்னோக்கி நீண்டால் ஆழமாக இறங்கும். எல்லாம் சரியாக இருந்தும் லூர் இடப்பக்கம் ஓடினால், லூரின் மூக்கு உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்து, லைன் (தூண்டில் நரம்பு) கட்டும் வளையத்தை உங்கள் வலப்பக்கம் மயிரிழை வளைக்க வேண்டும். ஒரேயடியாக வளைத்தால் மறுபக்கம் ஓடும்.

குளியல் தொட்டியில் மிதப்பைப் பார்க்கலாம், ஓட்டத்தைப் பார்க்க அந்த நீளம் போதாது. திறந்த நீரில் மெதுவாகவும் வேகமாகவும் இழுத்துப் பாருங்கள். மூக்கில் முடிச்சை இறுக்கிக் கட்டினால் ஆட்டம் குறையும். தளர்வான வளைய முடிச்சோ ஸ்னாப் என்ற சின்னக் கம்பிக் கொக்கியோ போடுங்கள். எடை, தகடு, ஹூக் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

பால்சாவில் வெறுமனே திருகிய வளையம் பெரிய மீன் இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மூக்கிலிருந்து வால் வரை ஒரே கம்பியை உள்ளே ஓட்டுவதுதான் நம்பகம்.

ஈயத்தை நீங்களே உருக்குவதானால் அச்சில் துளி ஈரமும் இருக்கக் கூடாது. ஈயம் உருகுவது சுமார் 327 டிகிரி செல்சியஸில். அந்தச் சூட்டில் ஈரம் சட்டென்று நீராவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கவிடும். சமையல் பாத்திரத்தையும் மூடிய அறையையும் இதற்குப் பயன்படுத்தவே கூடாது. கடையில் கிடைக்கும் சின்ன ஈயக்குண்டுகளே பெரும்பாலான லூர்களுக்குப் போதும்.