பைசாந்திய நாணயங்களைப் படிக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

1071இல் மான்சிகெர்ட் போரில் பைசாந்தியர்கள், அதாவது கிழக்கு ரோமப் பேரரசினர், துருக்கியரிடம் தோற்றார்கள், அதனால்தான் பைசாந்தியத் தங்க நாணயம் கெட்டது என்று போகிறபோக்கில் எழுதிவிடுகிறார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே இது நிற்காது.

4ஆம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஒரு ரோமானியப் பவுண்டுத் தங்கத்துக்கு 72 காசு என்று அடித்தார். ஏறக்குறைய சொக்கத் தங்கமான அந்தக் காசு 700 ஆண்டுகள் செல்லுபடியாயிற்று. கலப்படம் நான்காம் மைக்கேல் (1034–41) காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1055இல் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் மறைந்தபோது சுமார் 18 காரட். மான்சிகெர்ட்டுக்கு இன்னும் 16 ஆண்டு இருக்கிறது! போருக்குப் பின் சரிவு வேகமெடுத்தது உண்மைதான். மூன்றாம் நிகிஃபோரஸ் (1078–81) காலத்தில் அது 8 காரட்டுக்கு வந்து நின்றது.

எடையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. காசு அதே 4.4 கிராம்தான். வெள்ளியைக் கலந்து மாற்றைத்தான் குறைத்தார்கள்.

அப்புறம், முதலாம் அலெக்சியஸ் 1092இல் 'பழைய தரத்தை மீட்டார்' என்பது. அவர் அடித்த புதிய தங்கக் காசான ஹைப்பர்பைரான் இருபதரை காரட்தான், 24 அல்ல. அதற்கு முந்தைய பத்தாண்டில் தங்கமே இல்லை எனும்படி காசு அடித்ததும் அவரே. புகழ்பவர்கள் இதை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

உருவங்களிலும் அவசரம் கூடாது. இரண்டாம் ஜஸ்டினியன் 690களில் காசின் முன்பக்கத்தில் கிறிஸ்துவின் முகத்தைப் பதித்தார். பின்பக்கம், 'கிறிஸ்துவின் அடிமை' என்ற வாசகத்தோடு சிலுவையைப் பிடித்தபடி ஜஸ்டினியன் நிற்கிறார். அன்றிலிருந்து அதுவே மரபாகிவிட்டது என்று நினைப்பது தவறு. 695இல் அவரைக் கவிழ்த்த லியோன்டியோஸ் தன் முகத்தையே போட்டுக்கொண்டார். 705இல் திரும்பி வந்த ஜஸ்டினியன் கிறிஸ்துவையும் திரும்பக் கொண்டுவந்தார். ஆனால் நீண்ட கூந்தலும் தாடியுமாக இருந்த முகம் இப்போது சுருட்டை முடி, குறுந்தாடியோடு வேறாக இருந்தது. 711இல் அவர் கொல்லப்பட்டதும் அதுவும் போயிற்று. புனித உருவங்களை வழிபட இருந்த தடை 843இல் நீங்கிய பிறகுதான் கிறிஸ்து காசுக்குத் திரும்பினார்.

முதலாம் ஐசக் கொம்னேனஸ் (1057–59) வாளை உருவிப் பிடித்து நிற்கும் காசு எல்லோருக்கும் பிடித்த எடுத்துக்காட்டு. ஆட்சி கடவுள் தந்ததல்ல, தன் வாளால் வந்தது என்கிறார் என்று அக்காலத்திலேயே குறை சொன்னார்கள். சரி, அந்தக் காசில் தங்கம் எவ்வளவு? அதே 18 காரட்தான்.